28 நிமிடம், நிறுத்தாமல்: ‘தி ஃபிரெஞ்ச் ஷெஃப்’ நிகழ்ச்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

திரையில் சமையல் கற்றுத்தரும் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். செய்முறையை எழுதிக் கொடுத்துவிடலாம், அளவுகளையும் சொல்லிவிடலாம். பதத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கைப்பக்குவம் என்று நாம் சொல்வதைக் கண்ணாடித் திரை வழியாக, முகம் தெரியாத ஒருவருடைய அடுப்படிவரை எப்படிக் கொண்டுபோவது? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஸ்டுடியோகூட இல்லாத ஒரு சிறிய கல்வித் தொலைக்காட்சி நிலையம் ‘தி ஃபிரெஞ்ச் ஷெஃப்’ என்ற சமையல் நிகழ்ச்சி மூலம் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டது. அந்த விடை எப்படி உருவானது என்பதைத் தொடக்கத்திலிருந்து பதிவு செய்கிறேன்.

நிகழ்ச்சியை நடத்திய ஜூலியா சைல்டை மட்டும் பெயரால் குறிப்பிடுகிறேன். இயக்குநர், துணைத் தயாரிப்பாளர், ஜூலியாவின் கணவர், அவருடைய சமையல் நூலின் இணை ஆசிரியர்கள் ஆகியோரை அவர்கள் செய்த பணியால் மட்டும் சுட்டியிருக்கிறேன். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது யார் யார் என்ன வேலையை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான்.

பின்னணி

அமெரிக்காவில் 1950கள் அவசரச் சமையலின் காலம். அலுமினியத் தட்டில் உறைய வைத்த இரவு உணவை வாங்கி, அடுப்பில் சூடாக்கி, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் அப்போதுதான் பரவியது. டின்னில் வந்த காளான் சூப்பை எதன்மேலாவது ஊற்றிச் சுட்டெடுப்பது சமையல் ஆனது. கேக் மாவு பெட்டியில் வந்தது. சமையலறையில் செலவிடும் நேரத்தைக் குறைப்பதே முன்னேற்றம் என்று விளம்பரங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. பிரெஞ்சுச் சமையல் என்றால் பெருநகர உணவகங்களில் பணக்காரர்கள் சாப்பிடுவது. வீட்டில் அதற்கு இடமில்லை.

தொலைக்காட்சிச் சமையல் அப்போது புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1946இலேயே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சமையல் நிகழ்ச்சிகள் வந்துவிட்டன. பிரான்சிலேயே 1954 முதல் புகழ்பெற்ற ஒரு சமையற்கலைஞர் திரையில் சமைத்துக்கொண்டிருந்தார். ஆகவே ‘தி ஃபிரெஞ்ச் ஷெஃப்’ நிகழ்ச்சியை முன்னோடி என்பது அது முதலில் வந்ததால் அல்ல, கற்றுக்கொடுத்த முறையால்.

ஜூலியா 1912இல் கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பின் ஆவணப் பிரிவில் வேலை செய்தார். 1944இல் அந்த வேலை அவரை இலங்கையின் கண்டிக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் கணவரான சக அலுவலரை அங்கேதான் சந்தித்தார். அந்த நாட்களில் அவருக்குச் சமையல் தெரியாது. அவர் செய்தது கோப்பு வேலை: வந்து குவியும் ரகசியத் தாள்களைப் பதிவதும், வகைப்படுத்துவதும், கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதும். இதை ஒரு சுவையான தகவலாக மட்டும் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. பிறகு ஒவ்வொரு சமையல் குறிப்பையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, மாற்றங்களை எழுதி, பிரதி எடுத்து வைத்த பெண்ணின் கை அந்தக் கோப்பறையில்தான் பழகியிருக்கிறது.

1948இல் கணவரின் பணி மாற்றத்தால் பாரிஸ் போனார். 1949இல் ‘லெ கோர்தோன் ப்ளூ’ பள்ளியில், போரிலிருந்து திரும்பியிருந்த அமெரிக்கப் படைவீரர்களோடு சேர்ந்து சமையல் படித்தார். அப்போது அவருக்கு வயது 37. பிறகு இரண்டு பிரெஞ்சுப் பெண்களோடு இணைந்து ஒரு சிறிய சமையல் பள்ளியும், பல ஆண்டு உழைப்பில் ஒரு நூலும் உருவாக்கினார். முதலில் ஒப்பந்தம் செய்திருந்த பதிப்பகம், நூல் அளவுக்கு மீறி நீள்கிறது என்று கைவிட்டது. வேறொரு பதிப்பகம் 1961இல் 700 பக்கங்களுக்கு மேல் கொண்ட நூலாக அதை வெளியிட்டது. வேலையாள் இல்லாமல் தானே சமைக்கும் அமெரிக்கருக்காக எழுதியது என்று அதன் முன்னுரையே சொன்னது. அதே ஆண்டில் தம்பதியர் பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் குடியேறினார்கள்.

அதே 1961இன் அக்டோபரில், பாஸ்டனின் கல்வித் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூஜிபிஹெச்சின் ஸ்டுடியோ தீயில் எரிந்துபோனது. ஒருபக்கம் சொல்ல நிறைய வைத்திருந்த ஓர் ஆசிரியர். மறுபக்கம் இடமே இல்லாத ஒரு நிலையம்.

முதலில் கவனித்தது

1962இல் அந்த நிலையத்தின் நூல் அறிமுக நிகழ்ச்சிக்கு ஜூலியாவை அழைத்தார்கள். எழுத்தாளர்கள் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சி அது. ஜூலியா ஒரு மின் அடுப்பு, முட்டைகள், முட்டை அடிக்கும் கம்பிக் கருவியான விஸ்க், வாணலி ஆகியவற்றோடு போய், பேச்சுக்கு நடுவே ஓர் ஆம்லெட் செய்து காட்டினார்.

பிறகு நிலையத்துக்குக் கடிதங்கள் வந்தன. ஏறத்தாழ 27 என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். இன்று நமக்கு அது ஒரு எண்ணிக்கையாகவே தோன்றாது. ஆனால் ஒரு நூல் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியவர்கள் அவர்கள். இன்னும் சமைத்துக் காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நிலையம் அந்தக் கடிதங்களைப் பொருட்படுத்தியது. இந்த நிகழ்வில் எடுத்த முதல் நல்ல முடிவு அதுதான்.

முன்னோட்டப் பதிவுகள்

1962 ஜூனில் மூன்று முன்னோட்டப் பகுதிகளைப் பதிவு செய்தார்கள்: ஆம்லெட், ஒயினில் வேகவைத்த கோழி, அடித்த முட்டை வெள்ளையால் உப்பிவரும் சூஃப்லே. எரிவாயு நிறுவனம் ஒன்று தன் அரங்கைக் கொடுத்தது. இயக்குநர் இருபதுகளில் இருந்த இளைஞர். துணைத் தயாரிப்பாளரான பெண்மணி ஜூலியாவின் வீட்டுச் சமையலறையிலேயே நிறுத்துக்கடிகாரத்தோடு ஒத்திகை பார்த்தார்.

அந்தக் கோடையில் முன்னோட்டம் ஒளிபரப்பானபோது ஜூலியா வீட்டில் உட்கார்ந்து தன்னைத் தானே முதல் முறையாகத் திரையில் பார்த்தார். ஆறு அடிக்கு மேல் உயரமான ஒரு பெண் அடுப்பைச் சுற்றி ஓடுகிறாள், முட்டையைச் சிந்துகிறாள், மூச்சு வாங்குகிறாள் என்ற பொருளில் பின்னர் எழுதினார். குரல் ஏறி இறங்கியது. சில இடங்களில் அவசரம், சில இடங்களில் தடுமாற்றம்.

குழு இங்கே என்ன செய்தது, என்ன செய்யாமல் விட்டது என்பது முக்கியம். மூச்சு வாங்குவதைக் குறையாக எடுத்துக்கொண்டு திருத்த முயன்றார்கள். கேமராவுக்கு அருகில் அட்டைகளைப் பிடித்து, மூச்சு வாங்காதே, முகத்தைத் துடை, அடுப்பை ஏற்று என்று எழுதிக் காட்டினார்கள். குரலையும் உயரத்தையும் அசைவுகளையும் தொடவில்லை. அவரைத் தொலைக்காட்சிக்கு ஏற்ற ஆளாக மாற்ற யாரும் முயலவில்லை. அன்றைய திரை வழக்கப்படி பார்த்தால் இது துணிச்சலான விடுபடல்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தொடரின் பதிவு 1963 ஜனவரியில் தொடங்கியது. மின்சார நிறுவனம் ஒன்றின் செயல்விளக்கச் சமையலறைதான் களம். எரிந்த ஸ்டுடியோவுக்குப் பதிலாக நிலையம் வைத்திருந்த, பதிவுக் கருவிகள் கொண்ட ஒரு பேருந்து வெளியே நிற்கும். அதிலிருந்து கேபிள்கள் சமையலறைக்குப் போகும். இரண்டு கேமராக்கள். பாத்திரங்களையும் பொருட்களையும் ஜூலியாவும் கணவரும் தங்கள் வீட்டிலிருந்தே கட்டிச் சுமந்து வந்தார்கள். தூதரக அலுவலராக ஓய்வுபெற்ற அந்தக் கணவர், பதிவு முடிந்ததும் பாத்திரம் கழுவினார்.

அடிப்படையான முடிவு, இடையில் நிறுத்துவதில்லை என்பது. ஏறத்தாழ 28 நிமிடத்தையும் ஒரே ஓட்டமாகப் பதிவு செய்தார்கள். காரணம் கலையல்ல, காசு. அந்தக் காலத்து வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது எளிதான வேலையல்ல, செலவும் அதிகம். தடுமாறினால் சமாளித்துக்கொண்டு மேலே போக வேண்டியதுதான். வறுமையால் வந்த இந்த ஏற்பாடுதான் நிகழ்ச்சியின் கற்பிக்கும் முறையாக மாறியது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நிறுத்த முடியாது என்றால் நேரத்தை முன்கூட்டியே வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் சில நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் என்ன செய்வது, எந்தப் பாத்திரம் எங்கே இருக்கும், எப்போது என்ன சொல்வது என்று தாளில் எழுதினார்கள். பேச வேண்டியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி மனப்பாடம் செய்யவில்லை. வேலைகளின் வரிசை கட்டாயம், சொற்கள் அப்போதைக்கு அப்போது. இந்தப் பிரிவினை மிகச் சரியானது என்று நினைக்கிறேன். சொற்களையும் கட்டிப்போட்டிருந்தால் கை செய்வதை வாய் ஒப்பித்திருக்கும்.

அடுத்த சிக்கல் சமையல் நேரம். 1963 பிப்ரவரி 11 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியின் பண்டம் பிரான்சின் பர்கண்டி வட்டார முறையில் சிவப்பு ஒயினில் வேகும் மாட்டிறைச்சி. அது அடுப்பில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் இருக்க வேண்டிய பண்டம். அரை மணி நேரத்தில் அதை எப்படிக் காட்டுவது? ஒரே பண்டத்தைப் பல நிலைகளில் முன்கூட்டியே செய்து வைத்தார்கள். பச்சை இறைச்சி ஒரு பாத்திரத்தில், வதக்கியது இன்னொன்றில், பாதி வெந்தது, முழுதும் வெந்தது என்று வரிசையாக. இன்று எல்லோரும் செய்வதுதான் இது. ஆனால் ஜூலியா அந்த இடைவெளியை மறைக்கவில்லை. இது மூன்று மணி நேரம் வேகும், அதுவரை நீங்கள் வேறு வேலை பார்க்கலாம் என்பதைச் சொல்லியே அடுத்த பாத்திரத்தை எடுத்தார். நேரத்தைச் சுருக்கிக் காட்டினாலும் நேரத்தைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

காரணம் சொல்லிக் கற்பிப்பது என்பது மற்றொரு முடிவு. அந்த முதல் பண்டத்திலேயே இதைப் பார்க்கலாம். இறைச்சித் துண்டுகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெயில் பொன்னிறமாகாமல் அவிந்துபோகும். காளானைப் போடும்போது வாணலியை நெருக்கக் கூடாது. நெருக்கினால் நீர் விட்டுக்கொண்டு வதங்காமல் வேகும். இரண்டுக்கும் ஒரே விதிதான்: நீராவி இருக்கும் இடத்தில் நிறம் ஏறாது. இதைப் புரிந்துகொண்டவருக்கு இறைச்சியும் காளானும் மட்டுமல்ல, கத்திரிக்காய் வறுவலும் நன்றாக வரும்.

ஆம்லெட்டில் பதம் பற்றிய பாடம் இன்னும் தெளிவு. வெண்ணெயை வாணலியில் போட்டதும் நுரைக்கும். அந்த நுரை அடங்கத் தொடங்கி, வெண்ணெய் நிறம் மாறுவதற்கு முன்னுள்ள கணத்தில் முட்டையை ஊற்ற வேண்டும். நுரை என்பது வெண்ணெயிலுள்ள நீர் ஆவியாவதன் அடையாளம். அது அடங்கினால் வாணலி போதிய சூட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். நம் வீடுகளில் பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பதும், தாளிப்பில் கடுகு வெடித்து அடங்கும் ஓசைக்குக் காத்திருப்பதும் இதே வகைதான். பதம் என்பது பிறவிக் கைமணம் அல்ல, கண்ணாலும் காதாலும் பிடிக்கக்கூடிய குறி என்பதை அவர் ஒவ்வொரு பகுதியிலும் காட்டினார்.

பொருட்களைப் பொறுத்தவரை, பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பதைக் கொண்டு செய்ய முடியவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். இதன் அடித்தளம் நூலுக்கான சோதனைகளிலேயே போட்டது. பிரெஞ்சு மாவும் அமெரிக்க மாவும் ஒன்றல்ல, இறைச்சியை வெட்டும் முறையும் வேறு. நம் சின்ன வெங்காயத்துக்கு உறவான ஷாலட் அன்று பல அமெரிக்கக் கடைகளில் கிடைக்காது, தடித்த வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும் அரிது. கிடைக்காதபோது என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரிடம் எப்போதும் பதில் இருந்தது.

பெயர் பற்றி ஒரு சொல். ஜூலியா பிரெஞ்சுக்காரரும் அல்ல, உணவகத்தில் தலைமைச் சமையல்காரராக இருந்தவரும் அல்ல. அதை அவரே எடுத்துச் சொன்னார். ஆனாலும் அந்தப் பெயரே நிலைத்தது. நாளிதழின் நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரே வரியில் அடங்கும் பெயராக அது இருந்தது.

உருளைக்கிழங்கு விழுந்த பகுதி

இந்த ஆய்வின் மையம் என்று நான் கருதுவது 1963இல் பதிவான ஒரு பகுதி. உருளைக்கிழங்குப் பண்டங்களுக்கான நாள் அது. மசித்த கிழங்கை வாணலியில் அடையாகத் தட்டி, அடிப்பக்கம் சிவந்ததும் கைப்பிடியை உதறித் திருப்பிப் போட வேண்டும். மேல்பகுதி இன்னும் இறுகியிருக்கவில்லை. திருப்பும்போது துணிவு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஜூலியா உதறினார். அடை பாதியில் உடைந்தது. ஒரு பங்கு வாணலிக்கு வெளியே, அடுப்பின் மேல்தளத்தில் விழுந்தது.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூன்று காரியங்களை வரிசையாகச் செய்தார். என்ன தவறு என்று சொன்னார்: தேவையான துணிவோடு நான் உதறவில்லை. விழுந்ததை எடுத்து வாணலியில் சேர்த்து அழுத்தினார். சமையலறையில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். பிறகு, உடைந்த கிழங்கை வைத்து வேறென்ன பண்டம் செய்யலாம் என்பதையும் விளக்கினார். திருப்பிப் போடக் கற்றுக்கொள்ள ஒரே வழி திருப்பிப் போடுவதுதான் என்பதும் அந்தப் பேச்சில் வந்தது.

இந்தச் சில நொடிகளை ஏன் மையம் என்கிறேன்? பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் இதுவேதான் நடக்கும். முதல் முறை அடை உடையும். வெட்டி ஒட்டிய, குறையற்ற செயல்விளக்கத்தைப் பார்த்துப் பழகியவர் உடைந்ததும் தன் கை சரியில்லை என்று வாணலியை ஓரமாக வைத்துவிடுவார். ஜூலியாவைப் பார்த்தவருக்கு உடைந்த பிறகு செய்ய வேண்டிய அடுத்த வேலை தெரியும். மாமியார் முன்னால் முதல் தோசையைக் கிழித்துவிட்டு நின்ற எவருக்கும் இதன் அருமை விளங்கும்.

இந்த நிகழ்வு வாய்வழியாகப் பரவியபோது உருமாறிவிட்டதையும் பதிவு செய்ய வேண்டும். அவர் தரையில் கோழியைப் போட்டார், வான்கோழியைப் போட்டார், எடுத்துப் பரிமாறினார் என்றெல்லாம் பல பத்தாண்டுகளாகச் சொல்கிறார்கள். விழுந்தது உருளைக்கிழங்கு, விழுந்த இடம் சுத்தமான அடுப்புத்தளம். தரை அல்ல.

தொடர்ந்து நடந்தவை

கல்வித் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அப்போது நேரடி இணைப்பு இல்லை. பதிவு நாடாக்களைத் தபாலிலும் பார்சலிலும் ஒரு நிலையம் இன்னொன்றுக்கு அனுப்பும். அப்படித்தான் இந்நிகழ்ச்சி பாஸ்டனிலிருந்து நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ என்று ஊர் ஊராகப் போனது. அவர் ஒரு பண்டத்தைச் செய்து காட்டிய வாரத்தில் அதற்கான காய்களும் கருவிகளும் கடைகளில் தீர்ந்துபோயின என்று இதழ்கள் எழுதின. ஒளிபரப்புத் துறையின் பெரிய விருதுகளான பீபடி 1965இலும் எம்மி 1966இலும் கிடைத்தன. 1966 நவம்பரில் ‘டைம்’ இதழ் அவரை அட்டையில் போட்டது. முதல் ஒளிபரப்பின்போது அவருக்கு வயது 50 என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் பதிவுகள் 1966இல் நின்றன. 1970இல் வண்ணத்தில் மீண்டும் தொடங்கி, பிரான்சின் சந்தைகளிலும் ரொட்டிக் கடைகளிலும் படமெடுத்த காட்சிகளையும் சேர்த்தார்கள். 1973இல் தொடர் முடிந்தபோது மொத்தம் 200 பகுதிகள் அளவுக்கு வந்திருந்தன. 1972இல், காது கேளாதோருக்காகத் திரையில் வசன வரிகளோடு ஒளிபரப்பான நிகழ்ச்சிகளில் முன்வரிசையில் நின்றது இதுதான். கை வேலையைக் கண்ணால் கற்கும் பாடத்துக்கு அந்த வசதி எவ்வளவு பொருத்தம்! வர்த்தக நிறுவனங்களின் பொருட்களைப் பரிந்துரைக்க அவர் கடைசிவரை மறுத்தார். அவருடைய கேம்பிரிட்ஜ் வீட்டுச் சமையலறை 2001இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது.

மாற்றியிருக்க வேண்டியவை

பதிவு வேகம் முதலாவது. தொடக்கத்தில் ஒரு வாரத்துக்குள் பல பகுதிகளைப் பதிவு செய்தார்கள். சந்தைக்குப் போவது, பல நிலைகளில் சமைத்து வைப்பது, சுமந்து வருவது, ஒத்திகை, பதிவு, கழுவிக் கட்டுவது என்று எல்லாம் ஒரு சிறிய குழுவின் தோளில் விழுந்தன. பணமில்லாத நிலையத்துக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் இதே முறையை இன்று பின்பற்ற நினைப்பவர்கள், கணவரின் சம்பளமில்லா உழைப்பையும் கணக்கில் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இரண்டாவது, பெயர். மூன்று பெண்கள் எழுதிய நூலிலிருந்து பிறந்த நிகழ்ச்சியில் ஒரு முகமே தெரிந்தது. மற்ற இருவரும் பிரான்சில் இருந்தார்கள் என்பது நடைமுறைக் காரணம்தான். இருந்தாலும் எந்தப் பண்டம் யார் வீட்டுக் கைவழி வந்தது என்று ஒரு வரி சொல்ல 28 நிமிடத்தில் இடம் இருந்தது.

மூன்றாவது, நிறம். வதக்கலில் பொன்னிறம், வெண்ணெயில் பழுப்பு என்று நிறத்தையே குறியாக வைத்த பாடங்களைக் கறுப்பு வெள்ளையில் நடத்தினார்கள். ஜூலியா அதைச் சொற்களால் ஈடுகட்டினார். ஆனால் ஓசையைக் கொண்டும் ஈடுகட்டியிருக்கலாம். வெண்ணெய் சலசலத்து அடங்குவதை ஒலிவாங்கிக்கு அருகில் கொண்டுவந்திருந்தால், ஆம்லெட் பாடம் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

கடைசியாக, திருத்தியே ஆக வேண்டிய ஒன்று. 1970இல் வந்த, அவருடைய சமையல் நூலின் இரண்டாம் தொகுதியில், வீட்டு அடுப்பில் பிரெஞ்சு ரொட்டி சுடுவதற்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஓட்டைச் சூடாக்கி அதன்மேல் மாவை வைக்கும்படி சொல்லியிருந்தார்கள். ரொட்டிக் கடையின் கல்தளச் சூட்டை வீட்டில் வரவழைக்கும் நல்ல யோசனை. பொருள் மட்டும் தவறு. ஆஸ்பெஸ்டாஸின் கேடு தெரிந்த பிறகு வந்த பதிப்புகளில் அதை மாற்றினார்கள். பழைய பதிப்பு கையில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மேல்பூச்சு இல்லாத சுட்ட களிமண் ஓடு.